தேக்கு மேசை வெடித்தால் குற்றம் மரக்கடைக்காரருடையதா?

நீங்கள் எழுதியதை ஒருமுறை என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன், தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். சென்னையில் அடுக்குமாடி வீடு. மகளுக்குப் படிக்கும் மேசை ஒன்றை உங்கள் கையாலேயே செய்ய ஆசைப்பட்டு, மரக்கடையில் தேக்குப் பலகை நான்கு வாங்கி, பக்கவாட்டில் ஒட்டி, 4 அடி நீளமும் 2 அடி அகலமுமாக மேல்பலகை செய்தீர்கள். கீழே சட்டத்தோடு 16 ஸ்க்ரூ போட்டு நன்றாக இறுக்கி, மேலே மூன்று கோட் பாலிஷ் கொடுத்து, ஏ.சி. அறையில் வைத்தீர்கள். இரண்டாவது மாதம் ஒரு முனையிலிருந்து ஒன்றரை அடிக்கு வெடித்துவிட்டது. ஒரு ரூபாய் நாணயம் இரண்டைச் சேர்த்துச் செருகலாம் போல அகலம். கடைக்காரர் பச்சை மரத்தைத் தலையில் கட்டிவிட்டாரா, வெடிப்பை எதை வைத்து அடைப்பது, இனி பிளைவுட்தான் கதியா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இன்னொன்று இருப்பதாக எனக்குப் படுகிறது: ‘நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையோ?’ அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போட்ட படத்தில் வெடிப்பு ஒட்டிய இடத்தில் இல்லை, அதற்கு அரை அங்குலம் தள்ளி மரத்திலேயே ஓடுகிறது. மரமே கிழிந்த பிறகும் ஒட்டு விடவில்லை. முதல் மேசையில் இப்படி ஒட்டத் தெரிந்தவருக்குக் கை இருக்கிறது. தப்பு ஸ்க்ரூவில்.

என்னைப் பற்றி இரண்டு வரி. ஐ.டி.ஐ.யில் தச்சு வேலை படித்தேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் மரத்தில் நாற்காலி செய்யும் ஒரு கம்பெனியில் 14 வருடம் மரம் உலர்த்தும் அறையைப் பார்த்துக்கொண்டேன். இப்போது மொட்டை மாடியில் தகரக் கூரைக்குக் கீழே ஸ்டூல், அலமாரி, ஊஞ்சல் பலகை என்று ஆசைக்குச் செய்கிறேன். மரத்தின் ஈரம் பற்றி நான் சொல்வதைத் தாராளமாக நம்பலாம். பாலிஷ் விஷயத்தில் என் பேச்சைப் பாதிதான் எடுத்துக்கொள்ள வேண்டும், அது எனக்கு இன்னும் சரியாகக் கைவராத வித்தை.

ஊரில் பழைய வீடு இருந்தால் உங்களுக்கு இது தெரிந்திருக்கும். ஐப்பசி மழை பிடித்தால் கதவு நிலையில் பிடித்துக்கொள்ளும், தோளால் முட்டித் திறக்க வேண்டும். தை பிறந்து வெயில் ஏறினால் யாரும் இழைக்காமலே சரியாகிவிடும். அந்தக் கதவு ஐம்பது, அறுபது வருடத்து மரமாக இருக்கும். வெட்டி அரை நூற்றாண்டு ஆன பிறகும் மரம் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கிறது, விடுகிறது. குடித்தால் பருக்கும், விட்டால் ஒடுங்கும். ‘நன்றாகக் காய்ந்த மரம் அசையாது’ என்று கடையில் சொல்வது நல்லெண்ணத்தில் சொல்லும் பொய்.

எவ்வளவு அசையும் என்பதற்குக் கணக்கு உண்டு. நீளவாட்டில் அசைவு ஏறக்குறைய இல்லை. அகலவாட்டில்தான் எல்லாம். பச்சைத் தேக்கு எலும்பாகக் காயும்போது, வெட்டுமுகத்தில் தெரியும் ஆண்டு வளையத்தின் போக்கில் சுமார் 5.5 சதவீதம் ஒடுங்கும், வளையத்துக்குக் குறுக்கே சுமார் 2.5 சதவீதம். இந்த ஒடுக்கம் ஈரம் (காய்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டால் உள்ளே இருக்கும் தண்ணீர்) 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் தொடங்குகிறது. எனவே வெட்டுமுகத்தில் வளையம் பலகையின் அகலத்தோடு படுத்திருக்கும் பலகையில் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அகலத்தில் தோராயமாக 0.18 சதவீதம் போகும் என்று வைத்துக்கொள்ளலாம். சென்னைக் காற்றில் திறந்து கிடக்கும் மரம் 14 முதல் 16 சதவீத ஈரத்தில் நிற்கும். தினமும் ஏ.சி. ஓடும் அறையில் அது 10, 11-க்கு இறங்கும். 16-லிருந்து 11-க்கு என்று எடுத்தால் 5 சதவீத ஈரம், 0.9 சதவீத அகலம். 2 அடிப் பலகை 600 மில்லிமீட்டர் என்றால் ஒடுங்க வேண்டியது ஐந்தரை மில்லிமீட்டர். உங்கள் பலகை அந்த ஐந்தரையை விட்டுக்கொடுக்கப் பார்த்தது. முன்பக்கச் சட்டமும் பின்பக்கச் சட்டமும் 16 ஸ்க்ரூவோடு இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு விடவில்லை. கொஞ்சத்தை ஸ்க்ரூ ஓட்டை நெகிழ்ந்து கொடுத்தது, மீதியை மரம் கிழிந்து கொடுத்தது. முனையில் கிழிந்ததற்கும் காரணம் உண்டு. பலகையின் தலைப்பக்கம்தான் உடலைவிட வேகமாக ஈரத்தை விடும், அதனால் இழுவிசை முதலில் அங்கேதான் சேரும்.

இந்தக் கணக்கை வைத்துத்தான் கடைக்காரரைப் பற்றியும் யோசிக்கிறேன். நிஜமாகவே பச்சை மரம், 25 சதவீத ஈரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 10-க்கு வரும்போது 2 அடிப் பலகை 16 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலத்துக்கும் மேல் ஒடுங்கியிருக்கும். அப்படியானால் ஒரு வெடிப்போடு நின்றிருக்காது. மூன்று நான்கு இடத்தில் பிளந்து, பலகை குழிந்து, சட்டத்தின் கழுந்துகளே (துளைக்குள் செருகும் நாக்குகள்) ஆடியிருக்கும். உங்கள் சட்டம் இறுக்கமாக இருக்கிறது என்கிறீர்கள். ஆகவே அவர் கொடுத்தது சென்னைக் காற்றுக்குச் சமமாகக் காய்ந்த மரம்தான் என்று தோன்றுகிறது. இதை உறுதி என்று சொல்லமாட்டேன். படத்தில் பலகையின் வெட்டுமுகம் தெரியவில்லை, வளையம் படுத்திருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் சொல்லும் கணக்கு இது. நிமிர்ந்த வளையமாக இருந்தால் என் எண்களைப் பாதியாக்க வேண்டும், அப்போது கடைக்காரர் மேல் சந்தேகம் கொஞ்சம் கூடும்.

நானும் இதே அடி வாங்கியவன்தான். ஐ.டி.ஐ. முடித்த கையோடு அக்காவுக்கு ஒரு டீப்பாய் செய்தேன். பலாப்பலகை, மஞ்சள் கொஞ்சும் நல்ல மரம். பலகை வளையாமல் இருக்கட்டும் என்று இரண்டு முனையிலும் குறுக்கே ஒரு சட்டத்தைப் பசை போட்டு ஒட்டி, போதாததற்கு ஸ்க்ரூவும் அடித்தேன். எங்கள் பக்கம் மழை ஊர். அக்காவை மதுரையில் கட்டிக்கொடுத்திருந்தோம். சித்திரை வெயிலில் ஒரு நடுராத்திரி பட்டாசு மாதிரி ‘டப்’ என்று சத்தம் கேட்டு மச்சான் திருடன் என்று எழுந்து கம்பைத் தேடினாராம். விளக்கைப் போட்டால் டீப்பாய் நடுவில் பிளந்து கிடக்கிறது. எனக்கு இரண்டு வருடம் அதைச் சொல்லியே சிரித்தார்கள்.

அடுத்த பாடம் கம்பெனியில். உலர்த்தும் அறையிலிருந்து 10 சதவீதத்தில் கச்சிதமாக எடுத்த பலகைகளை, ஆர்டர் தாமதமானதால், ஆடி மாதச் சாரலில் பக்கம் திறந்த கொட்டகையில் அடுக்கி வைத்தோம். ஒரு மாதம் கழித்து அளந்தால் 14. அதனால் ‘சீசன்டு மரம்’ என்று கூடுதல் விலை சொன்னால் ‘எப்போது சீசன் பண்ணியது, அதற்கப்புறம் எங்கே கிடந்தது’ என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் வராது.

பழைய ஆசாரிகள் இதற்குச் செய்த வழியைப் பார்க்க வேண்டுமானால் சட்டம் போட்ட பலகைக் கதவு ஒன்றின் முன் நின்று பாருங்கள். சுற்றிலும் சட்டம், சட்டத்தின் உள்விளிம்பில் காடி என்னும் நீளப் பள்ளம், காடிக்குள் பலகை. சட்டத்தின் மூலைகளில் கழுந்து போட்டு ஆணிக்கட்டை அடித்து அசைய விடாமல் பிடித்திருப்பார்கள். நடுப்பலகைக்கு மட்டும் பசையும் கிடையாது, ஆணியும் கிடையாது. அது காடிக்குள் சும்மா நிற்கும். கோடையில் அப்படிப்பட்ட கதவைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால், பலகை சட்டத்தைச் சந்திக்கும் இடத்தில் நூல் கனத்துக்கு ஒரு வெளுத்த கோடு தெரியும். மழைக்காலத்தில் பலகை பருத்திருந்தபோது பாலிஷ் போட்டிருப்பார்கள். இப்போது ஒடுங்கியதில் காடிக்குள் ஒளிந்திருந்த பாலிஷ் படாத மரம் வெளியே எட்டிப் பார்க்கிறது. அந்தக் கோடு தெரிகிற கதவு வெடிக்காது. அதை அசிங்கம் என்று நினைத்து மெழுகால் அடைத்த ஒரு வீட்டையும் பார்த்திருக்கிறேன், அடுத்த மழையில் சட்டம் வாய் பிளந்தது.

உங்கள் மேசைக்கு இதே தத்துவத்தில் வேலை சுலபம். இரண்டு பக்கக் குட்டைச் சட்டங்களிலும் நடுவில் ஆளுக்கொரு ஸ்க்ரூ மட்டும் இறுக்கமாக இருக்கட்டும், அதுதான் பலகையை மையத்தில் நிறுத்தும். மற்ற ஓட்டைகளை எல்லாம் பலகையின் அகலவாட்டில் நீள்வட்டமாக்குங்கள். துளை போட்டு ஊசி அரத்தால் இழுத்தால் போதும், ஸ்க்ரூவுக்கு இருபக்கமும் 4 மில்லிமீட்டர் இடம் வேண்டும். வாஷர் வைத்து, முதலில் இறுக்கி, பிறகு கால் திருப்பு தளர்த்திவிடுங்கள். சட்டத்தின் உள்பக்கம் காடி எடுத்து, எல் வடிவத்தில் சின்னக் கட்டைகளை அதில் நாக்கு நீட்ட வைத்து, கட்டையைப் பலகையோடு மட்டும் ஸ்க்ரூ பண்ணுவது இன்னும் அழகான வழி. இதே வேலைக்கு எட்டு வடிவ இரும்புத் தகடும் கிடைக்கிறது. எதைச் செய்தாலும் பலகை மேலே எழும்பக் கூடாது, பக்கவாட்டில் நகர வேண்டும்.

வெடிப்பை அடைப்பதற்கு வருகிறேன். இப்போது எதையும் அடைக்காதீர்கள். மரத்தூளில் ஃபெவிகால் குழைத்து அடைப்பதுதான் எல்லோரும் சொல்லும் வைத்தியம். ஏ.சி. நிற்கும் மழைக்காலத்தில் பலகை திரும்பப் பருக்கும்போது அந்த அடைப்பு ஆப்பு மாதிரி நின்று, வெடிப்பை இன்னும் உள்ளே ஓட்டிவிடும். முதலில் ஸ்க்ரூ அத்தனையையும் கழற்றி, பலகையை அதே அறையில் அதே சட்டத்தின் மேல் சும்மா வையுங்கள். வெடிப்பின் இரண்டு பக்கமும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, ஞாயிறுதோறும் இடைவெளியை அளந்து பலகையின் அடியிலேயே எழுதுங்கள். இரண்டு வாரம் ஒரே அளவு நின்றால் மரம் அறைக்குப் பழகிவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் வெடிப்பு பாதிக்கு மேல் தானே மூடியிருக்கும். மயிரிழை அளவுக்கு வந்துவிட்டால், பசையைக் கொஞ்சம் நீர்க்க வைத்து, மெல்லிய எக்ஸ்ரே ஃபிலிம் துண்டால் உள்ளே தள்ளி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் விடுங்கள். மூடாமல் நின்றால் வெடிப்பின் வழியாகவே நேராக அறுத்து, இரண்டு விளிம்பையும் இழைத்து, மறுபடி ஒட்டுவதுதான் சுத்தமான வேலை. அகலத்தில் கால் அங்குலம் போகும், யாருக்கும் தெரியாது. அறுக்க மனமில்லையென்றால் வெடிப்புக்குக் குறுக்கே உடுக்கை வடிவத்தில், இடுப்பு ஒடுங்கிய ஒரு கட்டையை உளியால் குழித்துப் பதிக்கலாம். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் மேல்பலகை சட்டத்தில் இறுக்கமாக இருக்கும்வரை அதுவும் வேலைக்கு ஆகாது.

பாலிஷில் ஒன்றுமட்டும் நிச்சயமாகச் சொல்ல முடியும். மேலே மூன்று கோட், அடியில் ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பாலிஷ் ஈரத்தை நிறுத்தாது, மெதுவாக்கும், அவ்வளவுதான். ஒரு பக்கம் மெதுவாகவும் மறுபக்கம் வேகமாகவும் காய்ந்தால் பலகை குழியத்தான் செய்யும். அடிப்பக்கத்துக்கும் அதே எண்ணிக்கையில் கொடுங்கள். லின்சீட் ஆயில் பயன்படுத்தினால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடவே போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகி, சுருட்டிய துணி தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போட்ட பிறகு குப்பையில் போடலாம்.

அடுத்த முறை மரம் வாங்கும்போது அடுப்படித் தராசு ஒன்று போதும். பலகையை வீட்டுக்குக் கொண்டுவந்து, எந்த அறையில் சாமானை வைக்கப் போகிறீர்களோ அதே அறையில், பலகைக்குப் பலகை நடுவே சம கனத்தில் மெல்லிய சட்டம் வைத்து அடுக்குங்கள். ஒரு சின்னப் பலகையை வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை இறங்குவது நின்றபிறகு வேலையைத் தொடங்குங்கள். ஈரம் எவ்வளவு என்று எண்ணாகத் தெரிய வேண்டுமென்றால், பலகையின் முனையிலிருந்து ஓர் அடி உள்ளே தள்ளி ஒரு துண்டு வெட்டி நிறுத்து, 103 டிகிரி அடுப்பில் எடை மாறாமல் நிற்கும்வரை வைத்து மறுபடி நிறுத்துக் கணக்குப் போட வேண்டும். 118 கிராம் 100 கிராம் ஆனால் ஈரம் 18 சதவீதம். கம்பெனியில் நாங்கள் செய்தது இதைத்தான். ஊசி குத்திப் பார்க்கும் மீட்டர் வசதிதான், ஆனால் அது மேல்தோலைத்தான் பார்க்கும், மரத்துக்கு மரம் இரண்டு சதவீதம் முன்பின் காட்டும். ‘அங்குலத்துக்கு ஒரு வருடம் காய வேண்டும்’ என்று ஒரு வாய்பாடு சுற்றுகிறது. அது குளிர்நாட்டுக் கணக்கு. நம் வெயிலில் நிழலில் அடுக்கிய ஓர் அங்குலத் தேக்கு நான்கைந்து மாதத்தில் காற்றுக்குச் சமமாவதைப் பார்த்திருக்கிறேன். தேய்பிறையில் வெட்டிய மரம் உளுக்காது என்று எனக்குக் கற்றுக்கொடுத்த பெரியவர் சத்தியம் செய்வார். மரத்திலுள்ள மாவுச்சத்துக்குத்தான் உளுப்பூச்சி வருகிறது, அது வெளிப்புற வெள்ளை மரத்தில்தான் அதிகம் என்பது நிச்சயம். நிலாவுக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாக நான் பார்த்த மரம் எதுவும் காட்டிக்கொடுக்கவில்லை. வைரம், அதாவது உள்ளிருக்கும் முற்றிய மரம், பார்த்து வாங்குங்கள், பிறை பார்க்க வேண்டாம்.

பிளைவுட் கேவலமில்லை. அதில் தகடுகளை ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டியிருப்பதால் அகலவாட்டு அசைவு மிகச் சொற்பம். அலமாரியின் பெட்டி, கட்டிலின் அடிப்பலகை இவற்றுக்கெல்லாம் நானே பிளைவுட்தான் போடுகிறேன். பழகுவதற்கு என்றால் ரப்பர் மரத் துண்டுகளை விரல் கோத்த மாதிரி இணைத்து விற்கும் பலகை வாங்குங்கள், உலர்த்தி, பூச்சிக்கு மருந்து ஏற்றித்தான் வரும். வீடு இடித்த பழைய தேக்கும் அருமை, ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்த்த பிறகே இழைப்புளி போடுங்கள். ஏற்றுமதி பேலட்டில் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) வரும் பைன் கட்டைகளில் முத்திரையைப் பாருங்கள். ‘எச்.டி.’ என்றால் கட்டையின் நடுப்பகுதிவரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றியது, எடுக்கலாம். ‘எம்.பி.’ என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, வீட்டுக்குள் வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்று. மூன்றாவது படத்தில் ஓரமாக ஒரு கிரைண்டர் கிடக்கிறது, அதில் மரம் அறுக்கும் பல் பிளேடு மாட்டியிருக்கிறது. காவல்தகடு இல்லை. அந்த மெஷின் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும். பல் மரத்தில் மாட்டினால் துள்ளி வருவது உங்கள் பக்கம்தான், கை இழுக்க நேரம் இருக்காது. அந்த பிளேடை இன்றே கழற்றிவிடுங்கள். நல்ல கைவாள் ஒன்று, முக்கால் அங்குல உளி ஒன்று, தீட்ட ஒரு கல், மூலைமட்டம், நான்கு கிளாம்ப், இவை போதும் இரண்டு வருடத்துக்கு. உப்புத்தாள் தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு 1995-லேயே சேர்த்துவிட்டது. மகள் அறையில் வைத்துத் தேய்க்காதீர்கள்.

கடைசியாக, கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் ஒரு சோதனை. ஸ்க்ரூக்களைக் கழற்றும்போது வரிசை மாறாமல் ஓர் அட்டையில் குத்தி வையுங்கள். குட்டைச் சட்டத்தின் நடு ஸ்க்ரூ நேராகவும், முன் பின் சட்டத்து ஸ்க்ரூக்கள் மேசையின் மையத்தைப் பார்த்துச் சாய்ந்தும் வளைந்தும் இருந்தால் நான் சொன்ன கதைதான் நடந்திருக்கிறது. எல்லாம் நேராக, ஓட்டையும் வட்டமாக வந்தால் என் கணக்கில் எங்கோ பிழை. அப்போது பலகையின் வெட்டுமுகத்தை ஈரத்துணியால் துடைத்து, வளையம் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துப் போடுங்கள், கடைக்காரரைப் பற்றி மறுபடி பேசலாம்.